அழுகுணி ஆட்டமும் ஆயுள் தடையும்

விளையாட்டில் ஏமாற்றுவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. பாளையம்பட்டியில் தறிச்சத்தம் கேட்கும் தெருக்களில் நாங்கள் கோலியும் பம்பரமும் ஆடிய நாள்களில், கோட்டைத் தாண்டிக் காலை வைத்து எறிந்தவனைக் 'கள்ளாட்டம்' என்று கூவி நிறுத்துவோம். தாயக்கட்டையைக் கைமறைவில் புரட்டிவிட்டு, விழுந்தது பன்னிரண்டு என்று சாதிப்பவனுக்கு 'அழுகுணி' என்று பெயர். அழுகுணிக்குத் தண்டனையும் உண்டு. ஓர் ஆட்டம் அவன் வெளியே உட்கார வேண்டும். மறுபடியும் செய்தால் தெருவே அவனோடு காய் விட்டுவிடும். ஆனால் காய் விட்ட கையே இரண்டு நாளில் பழமும் விடும். அவனில்லாமல் ஆட்டத்திற்கு ஆள் குறைகிறது என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்!

இன்று அத்தெருக்களில் கோலி உருள்வது அரிது. மாலையில் வேப்பமரத்தடியில் கூடும் சிறுவர்களின் குனிந்த தலைகளைக் காணும் வெளியூரார், ஏதோ கூட்டுப் படிப்பு நடக்கிறது போலும் என்று எண்ணக்கூடும். ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பேசி. ஆட்டம் மாறியிருக்கிறது, அழுகுணி மாறவில்லை. தண்டிப்பவர் மட்டும் மாறிவிட்டார். எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினி, பையனை ஒரு சொல்லும் வினவாமல், பல வேளைகளில் என்றென்றைக்குமாக அவனை வெளியேற்றுகிறது. இது முறையா என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. அதன் தீமையை நம் பெரியோர் என்றோ சொல்லிவிட்டனர். தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்றிய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தடுக்க வந்தவை. காசு புரளாத விளையாட்டில் பிள்ளைகள் செய்யும் பிழையே ஈண்டுப் பொருள்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. என் அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அவனுக்குச் சதுரங்கத்தில் பித்து. சொல்லித்தர ஊரில் ஆளில்லை. மதுரைக்குச் சென்று கற்க வேண்டுமெனில் பேருந்திலேயே அரைநாள் போய்விடும். ஆகவே இரவில் அவன் தாயாரின் கைப்பேசியே அவனுக்கு ஆசிரியர், அதுவே ஆடுகளம். சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் முகம் வெளுத்து என்னிடம் வந்தான். "மாமு, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றான். ஆங்கிலத்தில் இரண்டே வரி. நேர்மையான ஆட்டத்திற்குரிய விதியை மீறியதால் கணக்கு மூடப்பட்டது, முடிவு இறுதியானது. எந்த ஆட்டத்தில், எந்நாளில், என்ன செய்தான் என்று ஒரு குறிப்பும் இல்லை.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றான். சற்று நேரம் கழித்து, "எல்லாரும்தான் பார்க்குறாங்க மாமு" என்றான். பிறகுதான் உண்மை வந்தது. நண்பன் ஒருவனின் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் சதுரங்கச் செயலியைத் திறந்து, அது காட்டிய நகர்வுகளைத் தன் நகர்வுகளாக ஆடியிருக்கிறான். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றுள் ஒன்று, சில பள்ளிகள் சேர்ந்து இணையவழியில் நடத்திய போட்டியின் ஆட்டம். அதில் அவனிடம் தோற்று வெளியேறியவன், அடுத்த தெருவில் தறி ஓட்டுபவர் ஒருவரின் மகன்.

சதுரங்கம் அறியாதார்க்கு ஒன்று சொல்ல வேண்டும். 1997இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணினி உலக வாகையர் காஸ்பரோவை வென்றபோது உலகமே வியந்தது. அக்கணினி ஆளுயரப் பெட்டிகளில் அடங்கியிருந்தது. இன்றோ, விலையின்றிக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்னும் செயலி ஒரு சாதாரணக் கைப்பேசியிலிருந்தே உலக வாகையரைத் தோற்கடிக்க வல்லது. அக்காலத்தில் அழுகுணி ஆட்டத்திற்குக் கைத்திறமையாவது வேண்டியிருந்தது. இன்று ஒரு விரல் போதும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சட்டைப்பைக்குள் இப்படியொரு தூண்டிலை வைத்துவிட்டு, அவன் முனிவனைப்போல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

கண்டுபிடிக்கும் முறையும் கருதத்தக்கது. ஒளித்து நகர்ந்த கையை எவரும் கண்டதில்லை. ஆடியவனின் நகர்வுகள் கணினியின் நகர்வுகளோடு எவ்வளவு ஒத்துள்ளன, எளிய நகர்வுக்கும் அரிய நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டானா, அவன் வழக்கமான திறனுக்கு இது பொருந்துமா என்றெல்லாம் கணக்கிட்டு, 'இவன் ஏமாற்றியிருக்கவே கூடும்' என்று முடிவு கட்டுகிறார்கள். அக்கணக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். என் அக்காள் மகன் செய்தியில் மிகச் சரியாகவே இருந்தது. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் அகப்படாத ஒரு பிள்ளை எங்கோ இருப்பான். அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

நம் தமிழகத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 2021ஆம் ஆண்டு சூன் மாதம், கொரோனா நிவாரணத்திற்கு நிதி திரட்டச் சென்னை தந்த வாகையர் விசுவநாதன் ஆனந்த், புகழ்பெற்ற மனிதர் பலரோடு இணையத்தில் ஒரே வேளையில் ஆடினார். ஆமிர்கானும் அவர்களுள் ஒருவர். அன்று ஆனந்தைத் தோற்கடித்தவர் சிரோதா நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான நிகில் காமத். உலக வாகையரை ஒரு வணிகர் வெல்வதா என்று எல்லோரும் ஐயுற்றனர். செஸ்.காம் தளம் அவர் கணக்கை மூடிற்று. ஆட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களின் உதவியும் கணினியின் உதவியும் தமக்குக் கிடைத்தன என்று அவரே வெளிப்படையாகக் கூறி மன்னிப்புக் கேட்டார். ஆனந்த், தாம் பலகையில் கண்ட நிலையை ஆடியதாகவும் மற்றவர்களிடமும் அதனையே எதிர்பார்த்ததாகவும் பெருந்தன்மையோடு சொல்லி அமைந்தார். சில நாள்களுக்குள் கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அது தரவரிசைக்கு உட்படாத ஆட்டம், ஆனந்தும் இதனை மேற்கொண்டு வளர்க்க விரும்பவில்லை என்பவை காரணங்கள்.

அந்த மன்னிப்பில் எனக்குக் குறையில்லை, மன்னித்தது நன்றே. முப்பத்து நான்கு வயதான ஒருவர், நாடே பார்க்க ஆடிய ஆட்டத்தில் பிழை செய்து, ஒப்புக்கொண்டு, மீண்டும் உள்ளே வந்தார். பாளையம்பட்டியில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒப்புக்கொள்ள விரும்பினாலும் கேட்பதற்குக் காது இல்லை என்பதுதான் என் குறை. அவனுக்காக நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பையன் பிழையை ஏற்கிறான், சிறுவன், எத்தனை மாதம் வேண்டுமானாலும் விலக்கி வையுங்கள் என்று கேட்டிருந்தேன். முடிவு இறுதியானது என்ற அதே வரி திரும்பி வந்தது. என் கடிதத்தை மனிதர் ஒருவர் வாசித்தாரா என்பதே எனக்கு ஐயம்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். 2019 நவம்பரில் ஜார்விஸ் என்னும் பதினேழு வயது இங்கிலாந்து இளைஞனை, 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்திலிருந்து எபிக் கேம்ஸ் நிறுவனம் வாழ்நாள் முழுவதும் விலக்கிற்று. தானே குறிபார்த்துச் சுடும் கள்ளச் செயலியை அவன் பயன்படுத்தியது உண்மை. ஆனால் அது பரிசுப் போட்டியிலன்று. காணொளி எடுத்து வெளியிடுவதற்காக. இதனோடு மட்டைப்பந்தாட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2010இல் இலார்ட்சு திடலில் பணம் பெற்றுக்கொண்டு வேண்டுமென்றே முறையற்ற பந்து வீசிய பாகிஸ்தானின் முகம்மது ஆமிருக்கு அப்போது வயது பதினெட்டு. உலகத் துடுப்பாட்ட மன்றம் தீர்ப்பாயம் அமைத்து, நேரில் விசாரித்து, ஐந்தாண்டுத் தடை விதித்தது. இங்கிலாந்து நீதிமன்றம் சிறைக்கும் அனுப்பிற்று. தடை முடிந்து திரும்பி வந்தவர், 2017 வாகையர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ரோகித், தவான், கோலி மூவரையும் வீழ்த்தினார். (அன்று நம் அணி தோற்றதில் எனக்கும் வருத்தந்தான்.) காசுக்காக நாட்டின் ஆட்டத்தையே விற்ற பதினெட்டு வயதினனுக்கு ஐந்தாண்டு, காணொளிக்காக விளையாட்டுக் காட்டிய பதினேழு வயதினனுக்கு ஆயுள்! நம் நாட்டிலும் சிரீசாந்துக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தடையை 2019இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, தண்டனையின் அளவை மீண்டும் கருதுமாறு சொல்லிற்று. பின்னர் அது ஏழாண்டாயிற்று. எபிக் நிறுவனமும் 2025இல் தன் விதியைத் தளர்த்தி, முதன்முறை பிழைக்கு ஓராண்டுத் தடை என்று மாற்றிக்கொண்டது. அதனால் அவ்விளையாட்டு ஒன்றும் அழிந்துவிடவில்லை.

நிறுவனங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கானோர் ஆடும் இடத்தில் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்க இயலாது என்கிறார்கள். ஒரு கணக்கை மூடினால் வேறு பெயரில் மறுகணக்குத் தொடங்கிவிடுகிறான் என்பதும் மெய்யே. அதனால்தான் இங்குப் பலரும் பப்ஜி என்றே அழைக்கும் 'பாட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'வை நடத்தும் கிராப்டன் நிறுவனம், 2021 திசம்பரில் ஒரு முடிவுக்கு வந்தது. ஏமாற்றியவனின் கணக்கை மட்டுமன்று, அவன் பயன்படுத்திய கைப்பேசியையே அவ்விளையாட்டிலிருந்து நிரந்தரமாக விலக்குவது என்பது அம்முடிவு. சியோலில் அமர்ந்து சிந்திப்பவர்க்கு ஓர் ஆளுக்கு ஒரு கைப்பேசி. பாளையம்பட்டியில் வீட்டுக்கு ஒன்று. அண்ணன் பகலில் ஆடுவான், தம்பி இரவில் ஆடுவான், இடையில் தாயார் வளைகுடாவிலுள்ள கணவரோடு பேசுவார். அண்ணன் செய்த பிழைக்குத் தம்பியும் வெளியே நிற்பான். அக்கருவி கைம்மாறி விற்கப்பட்டால், யாரென்றே தெரியாத ஒருவனும் நிற்பான். 2018இல் சாங்காய் நகரப் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ஒருவர் கள்ளச் செயலியோடு பிடிபட்டபோதும் அணியே கலைக்கப்பட்டது. ஏதுமறியாத மற்ற நால்வரும் ஒரே நாளில் வேலை இழந்தனர். பிழை செய்தவர்க்கு ஐந்தாண்டு. மற்றவர்க்கு எத்தனை ஆண்டு என்று யார் கணக்கிட்டார்?

நாட்டின் சட்டம் பிள்ளைகளை எப்படி நடத்துகிறது? 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் திருடியே பிடிபட்டாலும் அவர் பெயரை வெளியிடக் கூடாது. குற்றம் செய்தார் என்பதால் பிற்காலத்தில் வேலைக்கோ பதவிக்கோ தகுதியிழப்பு வரலாகாது. மிகக் கொடிய சில குற்றங்கள் தவிர, பதிவேடுகளையும் உரிய காலத்தில் அழித்துவிட வேண்டும். அரசே மறக்க இசைந்ததை ஒரு விளையாட்டுத் தளம் மறக்க மறுக்கிறது. அமெரிக்கச் சதுரங்க வீரர் ஹான்ஸ் நீமன் செய்தி இதற்குச் சான்று. பன்னிரண்டு வயதிலும் பதினாறு வயதிலும் இணைய ஆட்டங்களில் ஏமாற்றியதை அவரே ஒப்புக்கொண்டார். அதற்கான தடையை அனுபவித்துத் திரும்பியுமிருந்தார். 2022இல், பத்தொன்பது வயதில், அவர் நேருக்கு நேர் அமர்ந்து கார்ல்சனை வென்றவுடன் அப்பழைய கணக்கெல்லாம் உலகின் முன் விரிக்கப்பட்டது. நீமன் தம் பிழைகளைக் குறைத்துச் சொன்னார் என்று செஸ்.காம் கூறியதையும் நான் மறைக்கவில்லை. எனினும் தண்டனையை அனுபவித்து முடித்தவனின் பழைய ஏட்டை மறுபடியும் புரட்டுவதென்றால், தண்டனைக்கு முடிவு என்பதன் பொருள்தான் யாது?

மற்றொன்று. இத்தடைகள் யாவும் கணக்குத் தொடங்கும்போது பையன் 'ஒப்புகிறேன்' என்று தொட்ட ஒரு பொத்தானின் மேல் நிற்பவை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அவன் கையெழுத்து ஒரு சைக்கிளைத் தவணையில் வாங்கவும் செல்லாது. வாழ்நாள் தடைக்கு மட்டும் செல்லுமோ?

தமிழ் படித்தவனாதலின் மதுரை நினைவுக்கு வராமல் போகாது. பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனை அழைத்து ஒரு வினாவும் வினவாமல் தண்டித்த பாண்டியனின் ஊர் நமக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவில்தான். பிழை தெரிந்ததும் அம்மன்னன் உயிரையே விட்டான். விளையாட்டு நிறுவனங்களிடம் நாம் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரு மறுமொழிக் கடிதம் போதும். என் அக்காள் மகன் கோவலனல்லன் என்பதையும் நான் மறக்கவில்லை. அவன் குற்றவாளியே. ஆனால் வள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்ற இரண்டோடு நிறுத்தாமல், 'வெருவந்த செய்யாமை' என்று ஐம்பத்தேழாம் அதிகாரம் ஒன்றையும் வைத்தார். குற்றவாளியையும் தக்கவாறு ஆராய்ந்து, அவன் மீண்டும் அதனைச் செய்யாத அளவுக்கே ஒறுக்க வேண்டும் என்பது அதன் தொடக்கம்.

நம் கல்லூரிகளையே எடுத்துக்கொள்வோம். தேர்வில் துண்டுத்தாள் வைத்திருந்த மாணவனை நான் பிடித்ததுண்டு. அவனை அழைத்து, என்ன செய்தாய் என்று கேட்டு, எழுத்தில் விளக்கம் வாங்கி, குழு கூடி, இத்தனை பருவம் எழுதக் கூடாது என்று முடிவு செய்கிறோம். அப்பருவங்கள் கழிந்தால் அவன் வந்து எழுதலாம். அப்படி எழுதி, இன்று நல்ல ஆசிரியராக இருப்பவரை நான் அறிவேன். பட்டம் தரும் தேர்வுக்கே இம்முறை போதுமானதாக இருக்கையில், கைப்பேசி விளையாட்டுக்கு மட்டும் ஏன் போதாது?

ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு தம்பி, இனி ஒழுங்காப் படிப்பான்" என்றார். பல பெற்றோரின் உள்ளமும் இதுவே. ஆட்டத்தில் மூழ்கிப் படிப்பைத் தொலைத்த பிள்ளைகளை நாள்தோறும் காணும் நான் அவரை எளிதில் மறுக்க முடியவில்லை. ஆனால் எல்லா ஆட்டமும் பொழுதுபோக்கன்று. 2023இல் காங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் மின்னணு விளையாட்டுக்கும் பதக்கம் உண்டு. 2024 திசம்பரில் சென்னைச் சிறுவன் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க வாகையரானார். சென்னையில் கணக்கை மூடினால் பிள்ளைக்குப் பயிற்சிக்கூடம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, வாரந்தோறும் போட்டி இருக்கிறது. இந்த மானாவாரிச் சீமையில் அதனை மூடினால் அவனுக்கு எதிரே உட்கார ஆளே இல்லை. எழுத்தில் ஒன்றாயிருக்கும் தண்டனை, எடையில் இரண்டாகிவிடுகிறது.

கடுமை காட்ட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. இக்கள்ளச் செயலிகளைச் செய்து காசுக்கு விற்போர் சிறுவர் அல்லர். 2021இல் சீனக் காவல்துறை அத்தகைய கும்பல் ஒன்றைப் பிடித்தபோது சொகுசுக் கார்களையே கைப்பற்றியது. தென்கொரியா 2016இல் நிறைவேற்றிய சட்டத்திருத்தம், அவற்றைச் செய்வோர்க்கும் பரப்புவோர்க்கும் சிறை என்கிறது. அது விற்பவனைக் குறிவைத்த சட்டம்.

இவ்வளவு பேசிய நான் அந்தத் தறிக்காரர் மகனை மறந்துவிட்டேன் என்று எண்ண வேண்டா. என் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தகப்பனார், "விடுங்க சார், சின்னப் பிள்ளைக" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பையன் விடவில்லை. "அன்னைக்கு ராத்திரி பூரா அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் சார். நான் எங்க தப்பாக் காய் நகர்த்துனேன்னு தேடுனேன்" என்றான். அவன் நகர்த்தலில் தவறே இல்லை. இல்லாத தவற்றை ஓரிரவு முழுதும் தேடியிருக்கிறான். எந்தத் தளமும் அதனை அவனுக்குச் சொல்லவில்லை. கணக்கை மூடியதோடு அவர்கள் வேலை முடிந்தது. என் அக்காள் மகன் தலையைத் தொங்கவிட்டு நின்றான். இரண்டு வரி ஆங்கிலத்தைப் படித்தபோது அவன் அப்படி நிற்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் இருவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் மரப்பலகையை விரித்து ஆடுகிறார்கள். இதுவரை தறிக்காரர் மகனே அதிகம் வென்றிருக்கிறான். இவன் தண்ணீர் குடிக்க உள்ளே எழுந்து போய்த் திரும்பும்போதெல்லாம், அவன் இன்னும் இவன் கைகளைத்தான் முதலில் பார்க்கிறான்.